புளிப்புக்கு முகம் திருப்பியவர்

திருமூர்த்தியின் கழுத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பதினோரு வருடம் டியூப்லைட்டுக்குக் கீழே குனிந்து நின்று பனியன் துணியில் ஓட்டை தேடிய கழுத்து அது. செக்கிங் வேலையை விட்டு, அதே பனியன் ஊரில், ராயபுரத்தில் ஒரு பட்டன் கடைக்கு மேலே அறை பிடித்து, 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டி ஆறு வருடம் ஆகிவிட்டது. கழுத்துக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. மற்ற நாட்களில் ஒரு பக்கமாவது திரும்பும். இன்றைக்கு இரண்டு பக்கமும் திரும்பவில்லை.

கழுத்தை விடப் பெரிய தொந்தரவு மேஜை மேல் கிடந்தது. அவனே எழுதிய ரிப்போர்ட், நாலு பக்கம்.

பதினைந்து நாளுக்கு முன் ஈஸ்வரமூர்த்தியின் சாயப்பட்டறையில் அறுநூறு கிலோ துணி கெட்டுப்போனது. பெல்ஜியத்திலிருந்து ஆர்டர் கொடுக்கும் லூக் என்பவருக்குக் குழந்தை உடுப்பு தைக்க வேண்டிய இளம்பச்சைத் துணி. கடைசியில் ஊற்ற வேண்டிய ஆசிட்டை யாரோ நடுவில் ஊற்றியிருந்தார்கள். சோடா உப்பு விட்ட பிறகு, சாயம் துணியைப் பிடிக்கிற முக்கால் மணி நேரத்துக்குள் ஆசிட் போனால் சாயம் நிற்காது. துணி தேமல் விழுந்த முதுகு மாதிரி வெளியே வரும். ஊற்ற யாராலும் முடியும். எப்போது ஊற்ற வேண்டும் என்பது அந்த வேலை செய்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

நடந்தது காலைப் பதினோரு மணி டீ நேரத்தில். அப்போது ஷெட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர். மெஷின் பார்க்கிற முனீஸ், நூல் ஏஜென்ட் செல்வக்குமார், முதலாளி ஈஸ்வரமூர்த்தி. தனக்கு நூலைத் தவிர வேறெதுவும் தெரியாது என்றார் செல்வக்குமார். போன வருடம்தான் இந்தப் பட்டறையை வாங்கினேன், தையல் தெரியும், சாயத்தில் அரிச்சுவடி தெரியாது என்றார் ஈஸ்வரமூர்த்தி. மிச்சம் முனீஸ். குழாயடிக்கு முகம் கழுவப் போயிருந்தேன் என்று அவன் சொன்னதற்குச் சாட்சி இல்லை. 'வேலை தெரிந்தவன் ஒருவன்தான்' என்ற ஒரே காலில் நின்றது திருமூர்த்தியின் ரிப்போர்ட்.

முனீஸை அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். இப்போது எந்தப் பட்டறையும் அவனைச் சேர்ப்பதில்லை. திங்கட்கிழமை, அதாவது நாளைக் காலை, அவன் மேல் போலீசில் புகார் கொடுக்கப் போகிறார் முதலாளி.

"என்னண்ணே, கழுத்த இம்புட்டு வெறப்பா வச்சிருக்கீங்க? ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்குறாய்ங்களா?"

படியேறி வந்தவள் அனுசுயா. அவனுடைய உதவியாள். திருமங்கலத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பன்னிரண்டு வருடம் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். மெஷினை நிறுத்தினாலும் வாயை நிறுத்தத் தெரியாது. முனீஸ் அவள் ஊர்ப் பக்கத்து ஆள். அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னவளும் அவள்தான்.

"வலிக்குது கண்ணு. வம்பு பண்ணாதே."

"வலிக்கட்டும். அந்த ரிப்போர்ட்ட எழுதுனதுக்கு இன்னுங்கூட வலிக்கணும்." அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "நேத்து முனீஸ் வீட்டுக்குப் போனேன். சோறு போட்டாக. ஊறுகா பாட்டிலத் தொறந்தான். எப்பிடித் தொறந்தான் தெரியுமா? மூச்சப் புடிச்சுக்கிட்டு, மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிட்டு, பாம்புக் கூடையத் தொறக்குற மாதிரி. அவன் பொண்டாட்டி கருத்தம்மா சொல்றா, பதினாலு வருசமா இப்பிடித்தேன், கலர் சோடா பாட்டிலக்கூட இப்பிடித்தேன் தொறப்பாருன்னு."

"ஆசிட் கேனு தொறந்து பழகுன கை" என்றான் திருமூர்த்தி. "மூக்கை நேரா கொண்டுபோனா நெஞ்சு எரியுமில்ல. சாயப்பட்டறைக்காரங்க எல்லாருமே அப்படித்தான். வாசம் பாக்கோணும்னாலும் கையால விசிறித்தான் பாப்பாங்க."

"அதேன் நானும் சொல்றேன். இன்னைக்கு மத்தியானம் மொதலாளியோட பொங்கலூர் தோப்பு வீட்டுல உங்களுக்கு விருந்துல்ல? அந்த பெல்ஜியத்துக்காரன் புளிச்ச பீரு கொண்டாந்திருக்கானாம்ல? செல்வக்குமாரும் வருவாரு. அவரு மாமனாரு குன்னத்தூர்ல சாயப்பட்டறை வச்சிருந்தாராம். இத உங்ககிட்டச் சொன்னாரா?"

சொல்லவில்லை. திருமூர்த்தி கேட்கவும் இல்லை.

"பாட்டில் தொறக்கையில அவரு மூஞ்சி எங்கிட்டுத் திரும்புதுன்னு பாப்போம். நேரா இருந்தா நூல் ஏஜென்ட்டு. திரும்புச்சுன்னா வேற ஆளு."

"பொம்பளைய பீரு விருந்துக்கு எப்படிக் கண்ணு கூட்டிட்டுப் போறது?"

"குடிக்கவா வாரேன்? தட்டு தூக்க வாரேன். தட்டு தூக்குறவள எவன் பாக்கப் போறான்?"

பொங்கலூர் வரைக்கும் ஸ்கூட்டரில் போவதற்குள் குழிக்கு ஒரு முறை கழுத்து கத்தியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரோட்டோரக் கம்பெனிகளில் சத்தம் இல்லை. டாலர் நாற்பது ரூபாய்க்குக் கீழே இறங்கி ஏற்றுமதி நொடித்த வருடம் அது. சில கம்பெனிகளில் திங்கட்கிழமையும் சத்தம் இருக்காது.

தோப்பு வீட்டு வராந்தாவில் நீள மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன் மேல் ஆறு பாட்டில்கள், தூசியும் தும்புமாக. கார்க் அடைத்து, கார்க்குக்கு மேலே கம்பி வேறு கட்டியிருந்தது. பக்கத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிளாஸ்கள்.

"வாங்க, வாங்க!" ஈஸ்வரமூர்த்தி எழுந்து வந்து திருமூர்த்தியின் தோளில் கை போட்டார். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நகத்தில்கூட அழுக்கு இல்லாத ஆள். லூக்கிடம் திரும்பி இங்கிலீஷில், "இவர்தான் எங்கள் டிடெக்டிவ்" என்றார். புது மாட்டை உறவினருக்குக் காட்டுகிற மாதிரி இருந்தது.

லூக் உயரமான, வெயிலில் சிவந்துபோன மனிதர். கை குலுக்கியபோது, ரிப்போர்ட்டின் இங்கிலீஷ் நகலைப் படித்ததாகவும், அதனால்தான் தாமதமாக அனுப்ப மூன்று வாரம் கூடுதலாகக் கொடுத்ததாகவும் சொன்னார். திருமூர்த்திக்கு அந்தப் பாராட்டு கழுத்துக்குக் கீழே இறங்கவில்லை.

மேஜையில் இன்னும் இரண்டு நண்பர்கள். ஒருவர் செல்வக்குமார், சட்டைப் பையில் மூன்று பேனா, வாயில் எப்போதும் சிரிப்பு. மற்றவர் மயில்சாமி, பனியனுக்குப் படம் பிரின்ட் போடும் யூனிட் வைத்திருப்பவர். இவர் அந்த டீ நேரத்தில் ஊரிலேயே இல்லை.

லூக் முதல் பாட்டிலை எடுத்து விளக்கம் சொன்னார். இது சாதாரண பீர் அல்ல. மூன்று வருடம் மரப்பீப்பாயில் கிடந்து, காற்றில் வருகிற ஈஸ்ட்டாலேயே தானாகப் புளித்தது. தன் தாத்தா ஊர்ச் சரக்கு. மடக்கென்று குடிக்கக் கூடாது. முதலில் மூக்கைக் கிளாசுக்குள் விட்டு ஆழமாக மூச்சு இழுக்க வேண்டும். பிறகு ஒரு வாய். பிறகு என்ன தோன்றுகிறதோ சொல்ல வேண்டும்.

கம்பியை அவிழ்த்து அவரே கார்க்கை இழுத்தார். 'டொப்'. திருமூர்த்தியின் கண் செல்வக்குமார் மேல் இருந்தது. சமையல்கட்டுக் கதவில் முறுக்குத் தட்டோடு நின்ற அனுசுயாவின் கண்ணும் அங்கேதான்.

செல்வக்குமார் கிளாசை வாங்கினார். மூக்கை முழுசாக உள்ளே விட்டார். இழுத்தார். அடுத்த நிமிடம் கண்ணில் தண்ணீர் தெறிக்க அடுக்காக ஏழு தும்மல் போட்டார்.

"ஏனுங்க, உசுரு போயிருச்சுங்க!"

திருமூர்த்தி கதவுப் பக்கம் பார்த்தான். அனுசுயா உதட்டைப் பிதுக்கினாள். பட்டறைப் பக்கம் ஒரு நாள் நின்றவன்கூட இப்படி மூக்கை விட மாட்டான். மாமனார் பட்டறை வைத்திருந்தால் மருமகனுக்கு ஆசிட் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பிடித்துக்கொண்டு வந்த ஒரே நூலும் முதல் பாட்டிலிலேயே அறுந்தது.

மயில்சாமி ஒரு வாய் குடித்துவிட்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீடு தேடி வந்த விருந்தாளி கொடுத்ததைத் துப்பினால் எப்படி? கண்ணை மூடி விழுங்கினார். லூக், "எப்படி?" என்றார்.

"அருமைங்க. சூப்பருங்க. வெரி குட்டுங்க." பிறகு திருமூர்த்தியின் காதருகே குனிந்து, "ஏனுங்க சாமி, இது கெட்டுப்போச்சுங்களாட்ட இருக்குது. இட்லி மாவு பொங்கி வழிஞ்ச துணியப் புழிஞ்ச தண்ணியாட்ட இருக்குதுங்க. பாவம், இத்தனை தொலைவு தூக்கிட்டு வந்திருக்கறாரு, எப்படிங்க சொல்றது?" என்றார்.

"சொல்லாதீங்க. இன்னும் அஞ்சு பாட்டில் இருக்குது."

"அய்யோ."

திருமூர்த்தியும் ஒரு வாய் வைத்தான். பல் கூசியது. செக்கிங் வேலையில் இருந்தபோது மத்தியானம் மூன்று மணிக்குப் பசி நின்று வயிற்றிலிருந்து தொண்டைக்கு ஒரு புளிப்பு ஏறி வரும். அந்த ருசி. அதை இந்தத் தேசத்தில் காசு கொடுத்து வாங்குவதில்லை.

இரண்டாவது பாட்டிலை லூக் வீட்டுக்காரரிடமே நீட்டினார். நீங்கள் திறங்கள், அதுதான் மரியாதை என்றார். இது இன்னும் பழசு, இன்னும் புளிப்பு என்று எச்சரிக்கையும் சேர்த்தார். ஈஸ்வரமூர்த்தி சிரித்துக்கொண்டே வாங்கிக் கம்பியை அவிழ்த்தார்.

கார்க் அசைந்து புளிப்பு வாசனையின் முதல் இழை வெளியே வந்ததுதான் தாமதம். ஈஸ்வரமூர்த்தியின் முகம் இடது தோளுக்குப் போனது. உதடு மூடிக்கொண்டது. பாட்டில் வாய் அவரையும் மற்றவர்களையும் விட்டுக் காற்றுப் போகிற திசைக்குச் சாய்ந்தது. கார்க்கை எடுத்த பிறகு ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றார். பிறகு வலது கையால் பாட்டில் வாய்க்கு மேலே இரண்டு விசிறு விசிறி, தூரத்திலிருந்தே வாசம் பார்த்தார்.

மேஜையில் மற்றவர்கள் கவனிக்கவில்லை. செல்வக்குமார் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். லூக் கிளாஸ் எண்ணிக்கொண்டிருந்தார். திருமூர்த்தியின் கை முறுக்கோடு பாதி வழியில் நின்றுவிட்டது.

ஊற்றின கிளாசில் ஈஸ்வரமூர்த்தி சுண்டுவிரல் நுனியை நனைத்தார். கட்டைவிரலோடு சேர்த்து உரசினார். விரலை நாக்கில் ஒற்றி, உடனே இடது பக்கம் தூவென்று துப்பினார். துப்பிய பிறகுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு ஞாபகம் வந்தது போலிருக்கிறது. "ஈ விழுந்திருந்துச்சுங்க" என்றார்.

திருமூர்த்தி எழுந்து சமையல்கட்டுக்குப் போனான். சமையல்காரி மயிலாத்தாள் பள்ளிபாளையம் சிக்கனைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மிளகாய் நெடியில் கண் எரிந்தது.

"பாத்தீங்களா?" அனுசுயாவின் குரலில் கேலி இல்லை.

"பாத்தேன்."

"சாயத்துல அரிச்சுவடி தெரியாதுன்னாரு. இவரு கைக்கு அரிச்சுவடி, வாய்ப்பாடு, எல்லாம் தெரியுதே."

"ஒருக்கா பாத்தது போதாது கண்ணு. பீரு புதுசு, பயந்துட்டேன்னு சொல்லுவாரு. அவரு வாயாலயே வரோணும்."

அனுசுயா அலமாரியைத் திறந்து பார்த்தாள். வெங்காயத்தில் தெளிக்க வைத்திருந்த வினிகர் இருந்தது. ஆப்பச் சோடா டப்பா இருந்தது. இரண்டு கிளாஸ் எடுத்தாள். ஒன்றில் தண்ணீரோடு கொஞ்சம் வினிகர். இன்னொன்றில் தண்ணீரோடு சோடா. பார்வைக்கு இரண்டும் ஒன்று.

"மோந்து பாத்துச் சொல்லிருவாங்களே" என்றான் திருமூர்த்தி.

"மூணு பாட்டில் முடியட்டும்ணே. அதுக்கப்புறம் இவக மூக்குக்குப் பாலுகூட புளிக்கும்."

மூன்றாவது பாட்டில் செர்ரிப் பழம் போட்டு ஊறவைத்தது, சிவப்பாக இருந்தது. மயில்சாமி அதையும் அருமை என்றார். கண் கலங்கியிருந்தது. லூக் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு அவருக்கு மட்டும் இன்னொரு கிளாஸ் ஊற்றினார்.

அந்த நேரம் பார்த்து அனுசுயா வெங்காயத் தட்டையும் இரண்டு கிளாஸையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"தப்பு பண்ணிட்டேங்கய்யா. ஒன்னு வெங்காயத்துக்கு ஊத்துற வினிகரு. இன்னொன்னு மயிலாத்தாக்கா வச்சிருந்த சோடாத் தண்ணி. எது எதுன்னு தெரியாம ரெண்டையும் கொண்டாந்துட்டேன். மாத்தி ஊத்திட்டா வெங்காயம் சவுக்காரமா இருக்கும்."

செல்வக்குமார் ஒன்றை மோந்தார், மற்றொன்றை மோந்தார். "ரெண்டும் வினிகருங்க."

மயில்சாமி மோந்தார். "எனக்கு இப்ப கை, காலு, இந்தத் தோப்பு எல்லாமே வினிகராத்தானுங்க தெரியுது."

"இங்க கொண்டா" என்றார் ஈஸ்வரமூர்த்தி. மோந்து பார்க்கவே இல்லை. முதல் கிளாசில் விரலை நனைத்துக் கட்டைவிரலோடு ஒரு தேய். இரண்டாவதில் ஒரு தேய். "இது வழுக்குது, சோடா. அது வழுக்கல, அதை ஊத்து. இதுக்கு ஒரு மூக்கு வேணுமாக்கும்?"

மயில்சாமி வியந்துபோய், "அட, எங்க கத்துக்கிட்டீங்க இதை?" என்று கேட்டார். நல்ல மனசோடு கேட்ட கேள்வி.

ஈஸ்வரமூர்த்தி பதில் சொல்ல வாயைத் திறந்தார். திருமூர்த்தியின் முகத்தைப் பார்த்தார். அனுசுயாவின் முகத்தைப் பார்த்தார். இரண்டு விரலையும் வெள்ளை வேட்டியில் துடைத்தார்.

"திருமூர்த்தி, தண்ணித் தொட்டிப் பக்கம் வாங்க. ஒரு விசயம் பேசோணும்."

தென்னை மரங்களுக்கு நடுவே சிமென்ட் தொட்டி. மோட்டார் ஓடவில்லை. இருவரும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்கள். அனுசுயா நாலடி தள்ளி நின்றாள். அவளைப் போ என்று யாரும் சொல்லவில்லை.

"சாயத்துல எத்தனை வருசமுங்க?" என்று கேட்டான் திருமூர்த்தி.

"ஒம்போது. மடத்துக்குளத்துல இருந்து பதினாறு வயசுல வந்தேன். அப்ப மெஷினெல்லாம் ஏது? சிமென்ட் தொட்டியில மூங்கிலப் போட்டுக் கிண்டறது. காலு நகமெல்லாம் நீலமா இருக்கும். பொண்ணு பாக்கப் போனப்ப ஷூ போட்டுட்டுப் போனேன். என்ற மாமனார் ஊட்டுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, பனியன் வியாபாரக் குடும்பம்னு நெனச்சுட்டு இருக்கறாங்க." அவர் நிமிர்ந்தார். "சரி. விரலத் தேச்சேன். அதுக்கென்ன இப்ப? இது ஒரு சாட்சியா? எந்தக் கோர்ட்டுல நிக்கும்?"

"எந்தக் கோர்ட்டுலயும் நிக்காதுங்க. ஆனா என்ற ரிப்போர்ட்டைக் கவுக்க இது போதும். வேலை தெரிஞ்சவன் முனீஸ் ஒருத்தன்தான்னு எழுதியிருக்கறேன். அந்த ஒரு வரிதான் நாலு பக்கம். இப்ப வேலை தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. அதுல ஒருத்தரு தெரியாதுன்னு எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கறாரு."

"என்ற துணிய நானே எதுக்குக் கெடுக்கோணும்?"

இதற்குப் பதில் அனுசுயாவிடம் இருந்தது.

"துணி நல்லா வந்திருந்தா எங்கிட்டுத் தச்சிருப்பீக?" என்றாள். "வெள்ளிக்கிழமை உங்க தையல் ஃப்ளோருக்கு வந்தேனே. எட்டு லைனும் பாத்தேன். எட்டுலயும் பெரியாளு டீ சர்ட்டு, கருப்புக் கலரு. எம்புட்டு நாளா ஓடுதுன்னு ஒரு அக்காகிட்டக் கேட்டேன். மாசம் ஒன்னுங்குறாக, இன்னும் மூணு வாரம் ஓடுமாம். கொழந்த உடுப்புக்கு ஒரு மெஷினுகூட காலி இல்ல. ரெண்டு ஆர்டர ஒரே லைனுக்கு வாங்கிட்டீக. பச்சத் துணி நேரத்துக்கு வந்திருந்தா மாட்டிக்கிட்டு முழிச்சிருப்பீக."

ஈஸ்வரமூர்த்தி அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. மெஷினில் உட்கார்ந்த ஒருத்தியை இவ்வளவு நேரம் தட்டு தூக்குகிறவளாகவே பார்த்துவிட்டோமே என்ற எரிச்சல்தான் இருந்தது.

"டாலர் இறங்கிருச்சு" என்றார், தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "ஒரு ஆர்டர்ல சம்பளம் போட முடியல. ரெண்டு வாங்கினேன். நேரத்துக்கு முடிக்காட்டி ஏரோப்ளேன்ல அனுப்போணும், நம்ம செலவுல. அனுப்பியிருந்தா கம்பெனியைப் பூட்டிருக்கோணும். நானூறு குடும்பமுங்க. துணி கெட்டுப்போச்சு, வேலைக்காரன் வேணும்னே பண்ணிட்டான், விசாரிச்ச ஆளு எழுதிக் குடுத்திருக்கறாருன்னா வெள்ளைக்காரன் நம்புவான். நம்புனான். ஒரு மெஷின்காரன்தானே, வேற பட்டறைக்குப் போயிக்குவான்னு நெனச்சேன்."

"எங்க போயிக்குவானுங்க? என்ற ரிப்போர்ட்ட ஜெராக்ஸ் போட்டுப் பட்டறை பட்டறையாக் குடுத்தது யாருங்க?"

"அது மேனேஜர் பண்ணுனது."

"நாளைக்குப் போலீசு?"

"அதுவும் வெள்ளைக்காரனுக்காகத்தான். புகார் நம்பர் கேட்டான்." குரலைத் தணித்தார். "நாளைக்குப் புகார் போகாது. போனே போட்டுச் சொல்லிடறேன். அவனுக்கு ஊருக்குப் போக ஏதாச்சும் குடுத்துடறேன். இதை இங்கயே விட்டுடுங்க. நீங்களும் நானும் ஒரே மாதிரி பொழச்சு மேல வந்தவங்கதானே?"

திருமூர்த்திக்கு அலுப்பாக இருந்தது. இந்த ஆளை வெறுக்கக்கூட அன்றைக்குத் தெம்பில்லை. ரிப்போர்ட் எழுதத் தன்னை ஏன் கூப்பிட்டார் என்பது இப்போதுதான் சரியாக உறைத்தது. பெரிய ஆளாகப் பார்த்துக் கூப்பிடவில்லை. சொன்னதை நம்பி, குனிந்து எழுதிக் கொடுக்கிற கழுத்தாகப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்.

"இல்லீங்க" என்றான். "நான் தப்பா எழுதிட்டேன். படிச்சவர் அங்க உக்காந்திருக்கறாரு. திருத்திக் குடுத்துட்டுத்தான் போவேன். அனு, பேப்பர் இருக்குதா?"

அனுசுயா இடுப்பிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் பனியன் இங்கிலீஷ். பன்னிரண்டு வருடமாகச் செக்கிங் சீட்டில் பார்த்த வார்த்தைகள். அதிலேயே எழுதினாள். தொட்டி விளிம்பில் வைத்து, எழுத்துக் கூட்டி, இங்கிலீஷ் எழுத்தில் மூன்று வரி.

'ஆபரேட்டர் முனீஸ்: பாஸ், டிஃபெக்ட் இல்லை.'

'ஓனர்: மேஜர் டிஃபெக்ட். ஆசிட் ஊற்றியது ஓனர்.'

'முதல் ரிப்போர்ட்: ரிஜெக்ட்.'

கீழே திருமூர்த்தி கையெழுத்துப் போட்டான். இந்த முறை அனுசுயாவும் போட்டாள்.

லூக் அதை வாங்கிப் படித்து முதலில் சத்தமாகச் சிரித்தார். விருந்தில் விளையாட்டு என்று நினைத்திருப்பார். பிறகு சிரிப்போடேயே நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சிரிப்பு தானாக இறங்கியது. ஈஸ்வரமூர்த்தியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், இங்கிலீஷில்: இது உண்மையா?

ஈஸ்வரமூர்த்தி கிளாசைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மயில்சாமி எதுவும் புரியாமல், நிலைமையைச் சரிசெய்யும் எண்ணத்தில், மீதியிருந்த பீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அருமைங்க" என்றார்.

லூக் மிச்ச மூன்று பாட்டில்களைத் திறக்கவில்லை. துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். உடுப்பு கடைக்குப் போக வேண்டியிருப்பதால் இந்த ஆர்டரை எடுத்துக்கொள்வேன், அடுத்ததைப் பற்றி ஊருக்குப் போய்ச் சொல்கிறேன் என்றார். அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

ஈஸ்வரமூர்த்தி அங்கேயே செல்போனை எடுத்து மேனேஜரிடம், "நாளைக்கு அந்தப் புகார் வேண்டாம்" என்றார். பிறகு திருமூர்த்தியைப் பார்க்காமல், "இனி நம்ம கம்பெனி கேட்டுக்குள்ள உங்க கால் படக் கூடாதுங்க" என்றார். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் பல்லடம் தாண்டியதும் அனுசுயா பின்னாலிருந்து, "கம்பெனிக்காரவுக எல்லாரும் இனி நம்மளக் கூப்புடுவாகன்னு நெனைக்கிறீங்களா?" என்றாள்.

"எவனும் கூப்பிட மாட்டான்."

"அப்ப நான் மறுபடி ஓவர்லாக்குக்குப் போயிருவேன். நீங்க இந்தக் கழுத்த வச்சுக்கிட்டு என்ன செய்வீகளோ."

மங்கலம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரைக்குக் கீழே. ஏழாவது வீடு முனீஸுடையது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முனீஸ் வாசலில் உட்கார்ந்து தோளில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கப் போகிறான், ஒரு வாரமாக. சாயத்தில் ஊறிய கைக்கு மூட்டை பழகவில்லை, தோள் தோலுரிந்திருந்தது. கருத்தம்மா கதவில் நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

திருமூர்த்தி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஆசிட் ஊற்றியது யார், எதற்காக, புகார் போகாது, வெள்ளைக்காரர் கையில் திருத்தின சீட்டு இருக்கிறது. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை.

முனீஸ் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தான்.

"சரிண்ணே."

"வேற ஒன்னும் கேக்கலியா?" என்றாள் அனுசுயா.

"என்னத்தக்கா கேக்க? செய்யலன்னு எனக்கு மொதல்லயே தெரியும்ல." அவன் திருமூர்த்தியைப் பார்த்தான். "வெள்ளக்காரன்ட்ட சொல்லிட்டீக. நல்லது. அவன் வெமானம் ஏறிப் போயிருவான். அன்னைக்கு அந்த ரிப்போர்ட்ட ஷெட்டுக்குள்ள வச்சுப் படிச்சீகளே, ஷிப்ட் மாறுற நேரம், நாப்பது பேரு நின்னாய்ங்க. எம் பேரச் சொல்லி விரல நீட்டுனீக. இவளும் சோத்து வாளியோட அங்கனதேன் நின்னா."

கருத்தம்மா உள்ளே போனாள்.

"அந்த நாப்பது பேருக்கு யாரு சொல்லுவா?"

திருமூர்த்தி பதில் சொல்லப் பார்த்தான். கேட்டுக்குள் கால் படக் கூடாது என்று சொல்லிவிட்டார்களே என்பது தொண்டை வரைக்கும் வந்தது. அதை இவனிடம் சொல்வதற்கு வெட்கமாக இருந்தது.

"எனக்கு வேல கெடைக்குதோ இல்லியோ, அது வேற" என்றான் முனீஸ். "காலையில எட்டு மணிக்கு ஷிப்ட் மாறும். கேட்டுக்கு வெளியதேன் எல்லாரும் டீ குடிக்க நிப்பாய்ங்க. ரோடு யாருக்கும் சொந்தமில்ல."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். அனுசுயா ஸ்கூட்டர் பக்கம் நடந்தாள். திருமூர்த்தி இன்னும் சந்தில்தான் நின்றிருந்தான்.

அவன் முனீஸுக்குக் கடன்பட்டிருந்தான். நாற்பது பேர் முன்னால் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பு. அது இன்னும் பாக்கி.